இரண்டு ஒடுக்கும் ஒரு புடைப்பும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. அது உனக்கும் தெரிந்திருக்கும். நீ மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், பழைய டேப்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் தகட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகு நேரில் சொல்லிவிடலாம் என்று நான்கு நாட்கள் முயன்றேன். கல்யாண வேலை நடக்கும் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார முடிவதில்லை. தவிர, எனக்குச் சின்ன வயதிலிருந்தே எழுதினால்தான் எதுவும் ஒழுங்காக வரும். அதனால் எழுதுகிறேன். வித்யாவிடமும் காட்டு. இனி இந்தக் குடும்பத்தில் வாழப்போகிறவள், அவளுக்கும் தெரியவேண்டும். உன் பெரியம்மா கையில் கிடைத்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமை எப்படியும் எல்லோருக்கும் தெரியத்தான் போகிறது.

உன் அறையில் இப்போது பதினொரு பழைய ரேடியோ கேசட் பெட்டிகள் இருக்கின்றன. பழைய சாமான் விற்பவர்களிடமும், வீடு மாற்றுகிறவர்களின் ஸ்டோர் ரூமிலும் தேடித் தேடி வாங்கியவை. நீ பாட்டுக் கேட்பதைவிட அவற்றைத் திருத்துவதுதான் அதிகம் என்று உன் அப்பா கேலி செய்வார். நான் கேலி செய்ததில்லை. கதவோரம் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கரை மூடியிருக்கிற துளைபோட்ட தகட்டை, பின்பக்கம் மடித்திருக்கும் காதுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கழற்றுவாய். நாலாக மடித்த டவல்மேல் கவிழ்த்து வைப்பாய். மரக்கரண்டியின் முதுகால், ஒடுக்கின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி வந்து கடைசியாக நடுவைத் தொடுவாய். சுத்தியலைத் தொடவே மாட்டாய். ஒருமுறை மட்டும், அவசரத்தில் ஹேர் டிரையரை ஒரே இடத்தில் பிடித்து, பிளாஸ்டிக் மூலையை உருக்கிவிட்டாய். இரண்டு நாள் அந்தப் பெட்டியின் பக்கமே போகவில்லை. அந்த மூலை இன்னும் அப்படியே இருக்கிறது. அதை நீ யாரிடமும் மறைக்கவில்லை. வருகிறவர்களுக்கு நீயே காட்டி, “இது நான் கெடுத்தது” என்று சொல்வாய். உன் அம்மாவுக்கு வராத பழக்கம் அது.

எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன். வெள்ளி நிறம், இரண்டு ஸ்பீக்கர், மேலே கைப்பிடி. ஃபேரர் பார்க் வீட்டில் தாத்தாவின் அலமாரி மேல் துணி மூடி இருந்து, பிறகு என் ஸ்டோர் ரூமுக்கு வந்து சேர்ந்தது. கல்யாண விருந்தில் வாசல் மேசையில் வைத்து அதிலேயே பாட்டுப் போடவேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். காரணம் கேட்பாய் என்று சொல்லவில்லை. நீ தகட்டைக் கழற்றினாய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாய்.

“அம்மா, இது கீழ விழுந்த டேமேஜ் இல்ல. விழுந்தா மூலைதான் அடிபடும். மூலையெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. இது யாரோ அடிச்சது. துணி சுத்தி அடிச்சிருக்காங்க, அதான் ஒரு கீறல்கூட இல்ல. ரவுண்டா ஏதோ ஒண்ணு. மூணு அடி.”

பிறகு தகட்டைத் திருப்பினாய். “ரெண்டு டென்ட் அப்படியே இருக்கு. மூணாவத யாரோ எடுக்கப் பாத்திருக்காங்க. தெரியாதவங்க. பின்னாலேருந்து எதையோ வச்சு ஒரே அமுக்கா அமுக்கி, அந்தப் பக்கம் புடைச்சுகிட்டு வந்துருச்சு. மெட்டல் இழுபட்டுப் போச்சு. அந்த ரெண்டையும் எடுத்துடலாம், இத எடுக்க முடியாது.” கடைசியாக என்னைப் பார்த்து, “சின்னத் தாத்தா கீழ போட்டுட்டார்னுதானே எல்லாரும் சொல்றீங்க? யாரும்மா அடிச்சது?” என்று கேட்டாய். அப்போதுதான் நான் பாலைப் பார்க்கப் போனேன்.

அடித்தது நான்.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். உன் தாத்தாவுக்குக் கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பர் வேலை. அவருடைய தம்பி, என் சித்தப்பா, உனக்குச் சின்னத் தாத்தா, சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டு எங்களோடுதான் இருந்தார். ஹாலில் பாய் விரித்துப் படுப்பார், விடிவதற்குள் பாயைச் சுருட்டிவிடுவார். அவர் இருந்த சுவடே தெரியாது. அப்பாவுக்கு ஒரே தங்கை. பட்டுக்கோட்டைப் பக்கம் உறவினர் வீட்டில் வளர்ந்தவர். அந்த அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த நாளில் சிங்கப்பூரில் அண்ணன் இருக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் நகையைக் கேட்கிறார்களோ இல்லையோ, டேப் கேட்பார்கள். ஊரில் அதற்கு டூ-இன்-ஒன் என்று பெயர். ரேடியோவும் கேசட்டும் ஒன்றாக இருப்பதால். மாப்பிள்ளையின் அக்கா இரண்டு கடிதங்களில் அதை நினைவுபடுத்தியிருந்தார். அப்பா சிராங்கூன் ரோட்டில் ஏழெட்டுக் கடைகள் ஏறி இறங்கி இதை வாங்கினார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சித்தப்பா கப்பலில் மெட்ராஸ் போய், அங்கிருந்து ஊருக்கு எடுத்துப்போவது என்று முடிவானது.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு, அப்பாவின் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் இந்தியாவுக்குப் போய்வந்தவர்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் புதுச் சாமான் என்றால் வரி போடுவார்கள், பழகிய சாமான் என்றால் விட்டுவிடுவார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து எறியச் சொன்னார். இன்னொருவர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு நாலு நாள் பாடவிடச் சொன்னார். மூன்றாமவர், “ரெண்டு அடி பட்டிருந்தா இன்னும் நல்லது லா, பாத்தவுடனே விட்டுருவான்” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். யாரும் அதைச் செய்யப்போவதில்லை. பெரியவர்கள் தேநீர் குடிக்கும்போது பேசுவது அப்படித்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் எப்படிப்பட்ட பெண்ணாக இருந்தேன் என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. நூலகத்தில் ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம் கொடுப்பார்களோ அத்தனையும் எடுப்பேன். யார் என்ன பேசினாலும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் குறித்துவைப்பேன். கேட்டதை நம்புவேன், நம்பியதைச் செய்துவிடுவேன். அன்றைக்கு அந்த மூன்று யோசனைகளையும் எழுதிவைத்து, வரிசையாக யோசித்தேன். கீறினால் கீறல் போகாது. ஆனால் ஒடுக்கு போகும். தேக்கா மார்க்கெட் பக்கம் நடைபாதையில் ஒருவர் உட்கார்ந்து பித்தளைப் பாத்திரங்களுக்கு ஒடுக்கு எடுப்பார். அம்மா கொடுத்த குடம், நசுங்கினதே தெரியாமல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒடுக்குப் போட்டு அனுப்பினால், துறைமுகத்தைத் தாண்டியதும் ஊரில் ஒருவரிடம் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், அத்தைக்குப் புதுப்பெட்டி கிடைக்கும், வரியும் இருக்காது. இதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. பித்தளைக் குடமும் ஊசித்துளை போட்ட மெல்லிய தகடும் ஒன்றல்ல என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அம்மா சம்பாலுக்கு மிளகாய் இடிக்கிற கல்லுலக்கையைக் கழுவி, துடைத்து, என் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன். இடது ஸ்பீக்கரில் மூன்று அடி. முதல் அடி பயந்து அடித்தது. அதில் ஒன்றும் ஆகவில்லையோ என்று இரண்டாவது. மூன்றாவது எதற்கு என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. ஒருவேளை நன்றாகச் செய்யவேண்டும் என்பதற்காக இருக்கலாம். பிறகு கேசட் போடும் இடத்தைத் திறந்து ஒரு கடிதமும் வைத்தேன். மூன்று முறை எழுதிப் பார்த்து, நல்ல கையெழுத்தில் எழுதியது. “மதிப்பிற்குரிய சுங்க அதிகாரி அவர்களுக்கு வணக்கம். இப்பெட்டி எங்கள் இல்லத்தில் மூன்றாண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்து வருகிறது. இதிலுள்ள ஒடுக்குகளே அதற்குச் சான்று. இப்படிக்கு, பயனீட்டாளர்.” பெயர் போடவில்லை. பொய்யில் பெயர் போடக்கூடாது என்ற அளவுக்கு எனக்கு நேர்மை இருந்தது.

சித்தப்பாவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அன்று மாலையே அப்பா பெட்டியை அட்டைக்குள் வைத்துக் கயிறு கட்டிவிட்டார். முன்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழியனுப்ப எங்கள் மாடியிலிருந்தே பத்துப் பேர் துறைமுகத்துக்கு வந்தார்கள். அவரைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அவர் என் தலையில் கைவைத்து, ஊரிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டார். நான் தமிழ் அகராதி வேண்டும் என்றேன். அந்த இடத்தில், எல்லோர் நடுவிலும், அவர் காதில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க முடியும். கேட்டது அகராதி.

நடந்ததை அத்தையின் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டோம். நிச்சயதார்த்தத்துக்கு வந்த சனமெல்லாம் பார்க்கப் பெட்டியைப் பிரித்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, சிங்கப்பூரில் உபயோகித்துத் தூக்கிப் போட்டதை எங்கள் தம்பிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று சொன்னார். சித்தப்பா, வழியில் கைதவறிக் கீழே போட்டுவிட்டேன், பெட்டி புதுசுதான் என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறார். கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அத்தைக்கு அந்த வீட்டில் பல வருஷம் அதுதான் பேச்சு. சிங்கப்பூரிலிருந்து ஏதாவது வந்தால், “பழசா புதுசா பாத்துக்க” என்று நாத்தனார் சொல்வாராம். பிறகு அப்பா வேறொன்று வாங்கி அனுப்பியும் அது மாறவில்லை.

சித்தப்பா திரும்பி வந்த அன்றைக்கு நான் அடுப்படி வாசலில் புத்தகத்தோடு நின்றேன். மறுநாள் எனக்குப் பரீட்சை. அவர் அட்டைப்பெட்டியை ஹால் நடுவில் இறக்கினார். என்னிடம் அகராதியை நீட்டினார். அப்பா கயிற்றை அறுத்து, துணியை விலக்கிப் பார்த்தார்.

“கீழ போட்டியாடா?”

சித்தப்பாவும் குனிந்து தகட்டைப் பார்த்தார். பிறகு, “ஆமாண்ணே. கை தவறிடுச்சு” என்றார்.

அப்பா அடிக்கிற ஆள் இல்லை, கத்துகிற ஆளும் இல்லை. துணியை மறுபடி மூடினார். “இனிமே உன் கையில ஒண்ணும் குடுக்கறதில்ல” என்றார். அவ்வளவுதான்.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதை உனக்கு உள்ளபடி சொல்கிறேன். முதலில், அவருக்கு விஷயம் தெரியாது, சண்டை வேண்டாம் என்று தானே பழியை எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அடுத்தபடி, அவரே ஒப்புக்கொண்ட பிறகு நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். மூன்றாவதாக, ஒருவேளை உண்மையிலேயே அவர் கீழே போட்டிருந்தால்? என் ஒடுக்கோடு அவருடையதும் இருக்கலாமே? இந்த மூன்றாவதை நான் ரொம்ப நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்காகவே தகட்டைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அலமாரி மேல் இருந்த பெட்டிக்கும் எனக்கும் நாற்காலி போட்டு ஏறும் தூரம்தான்.

அப்பா கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை வீட்டில் விளையாட்டாக ஆனது. உனக்கும் அது விளையாட்டாகத்தான் வந்து சேர்ந்தது. பொங்கலுக்குக் கரும்பு தூக்கினால் சித்தப்பாவைத் தவிர எல்லோரும் தூக்குவார்கள். கோவிலுக்குப் பால்குடம் எடுத்துப்போனால் அவர் வெறுங்கையோடு பின்னால் நடப்பார். வேனில் மளிகைக் கடைக்காக எத்தனை ஆயிரம் மூட்டையும் முட்டைத் தட்டும் ஏற்றி இறக்கியிருப்பார். ஒன்று உடைந்ததாக முதலாளி சொன்னதில்லை. ஆனால் எங்கள் வீட்டு விசேஷத்தில் ஒரு தாம்பாளத்தைத் தொட்டால் யாராவது ஒருவர், “ஒடுக்கு விழுந்துடப் போகுது” என்பார். அவரும் சிரித்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு வருஷத்தில் தோ பாயோவில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார். வேலைக்குப் பக்கம் என்றார். எங்கள் வீடுதான் வேலைக்குப் பக்கம்.

என் கல்யாணத்தில், மணவறைக்கு எதிரில், அதே மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அது போகட்டும். உன் தாத்தா போனபோது என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு நான்கு வயது. அப்பாவுக்கு மகன் இல்லை. அஸ்திக் கலசத்தைக் கடலில் கரைக்கத் தம்பிதான் எடுத்துப் போகவேண்டும். படகுத்துறையில் கலசத்தை அவரிடம் நீட்டியபோது அங்கே யாரும் கேலி செய்யவில்லை. அவராகவே ஓரடி பின்னால் போய், உன் பெரியப்பாவைப் பார்த்து, “நீங்களே புடிங்க மாப்பிள்ளை, தண்ணியில படகு ஆடும்” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். கேட்கவேண்டியவர் கலசத்துக்குள் இருந்தார் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. என் தப்புகளில் எதைத் திருத்த முடியாது என்று நீ கேட்டால், அது இதுதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உன் கேள்வி மட்டுமல்ல. இரண்டு வாரத்துக்கு முன் எல்லோரும் உட்கார்ந்து கல்யாணத்தில் யார் யாருக்கு என்ன வேலை என்று பேசினோம். தாலித் தட்டைச் சபையில் எடுத்துப்போய் எல்லோரிடமும் ஆசி வாங்கி வருவதற்குச் சின்னத் தாத்தாவைச் சொல்லலாம் என்றாய். உன் பெரியம்மா, “அவர் கையிலயா? தட்டு சொட்டையாத்தான் திரும்பி வரும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எழுபது வயது தாண்டிய மனிதர், முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தவர், “ஆமா, என்னிட்ட குடுக்காதீங்க. இவன் பெரியப்பாகிட்ட குடுங்க” என்றார். நீ சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், தம்பி. பழக்கத்தில் சிரித்துவிட்டேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

உனக்குப் புத்தி சொல்ல நான் யார் என்று தோன்றுகிறது. இருந்தாலும் கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஒன்றிரண்டு சொல்லவேண்டும். அடுத்தவருக்கு நல்லது செய்கிறேன் என்று தீர்மானித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மனதுக்குள்ளேயே எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டுச் செய்கிற காரியம் இருக்கிறதே, அதில் எச்சரிக்கையாக இரு. உனக்கு என் குணம் கொஞ்சம் உண்டு. வித்யாவின் நல்லதுக்காக நீ ஏதாவது செய்யப் போகும்போது அவளைக் கூப்பிட்டு, செய்யட்டுமா என்று கேள். கேட்டால் முட்டாள்தனம் பாதி அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று. உன் தப்பை இன்னொருவர் ஏற்றுக்கொண்டால், அவர் ஏற்றுக்கொண்டதே உனக்கு விடுதலை என்று நினைக்காதே. முதல் நாள் சொல்வது கஷ்டம், பத்தாவது நாள் அதைவிடக் கஷ்டம். பத்து வருஷம் கழித்து அது கஷ்டமாகக்கூட இருக்காது, மறந்துவிடும். அதுதான் மோசம். எனக்கு அப்படித்தான் ஆனது. நீ தகட்டைச் சாய்த்துப் பார்க்கிறவரை, சித்தப்பா கீழே போட்டார் என்பதை நானே பாதி நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னதில் ஒன்று எனக்குப் புரியவில்லை. நான் அடித்த மூன்றும் உள்ளே போனவை. மூன்றாவது எப்படி வெளியே வந்தது? யார் எடுக்கப் பார்த்தார்கள்? அதைக் கேட்கவும், இதைச் சொல்லவுமாக, நேற்றுக் காலை சித்தப்பாவுக்கு ஃபோன் செய்தேன். சுற்றி வளைத்தால் சொல்லாமலே வைத்துவிடுவேன் என்று தெரிந்ததால், எடுத்தவுடனே சொன்னேன்.

“சித்தப்பா, அந்த டேப்ப அடிச்சது நான்தான்.”

தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதைக் குறைத்தார்.

“தெரியும் பாப்பா.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தே என்றார். “கேசட் போடற எடத்துல கடுதாசி வச்சிருந்தீல்ல. ஆபீசர்தான் எடுத்தாரு. சத்தமா படிச்சாரு. பயனீட்டாளர்னா யாருய்யான்னாரு. எங்கண்ணன் மகள்னு சொன்னேன். தமிழ் நல்லா எழுதுது, மேல படிக்க வைங்கன்னாரு. வரியும் போட்டாரு.”

தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் இறங்கி, ஸ்க்ரூ டிரைவர் இரவல் வாங்கிப் பெட்டியைத் திறந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதற்குள் ஒடுக்கை எடுத்துவிட நினைத்து, டீக்கடையில் வாங்கிய கரண்டியால் பின்னாலிருந்து அமுக்கியிருக்கிறார். ஒன்று அந்தப் பக்கம் துருத்திக்கொண்டு வந்துவிட்டதாம். பயந்துபோய் மற்ற இரண்டையும் தொடவில்லையாம். “உனக்குத் திட்டு விழுமேன்னுதான் எடுக்கப் பாத்தேன். எனக்குத்தான் வேல தெரியல” என்றார்.

ஏன் அன்றைக்கே அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லத்தான் வந்தேன். நீ அடுப்படி வாசல்ல புத்தகத்த வச்சுகிட்டு நின்ன. மறுநாளு உனக்குப் பரீட்சைன்னு அண்ணி சொன்னாங்க. சரி, பரீட்சை முடியட்டும்னு விட்டேன். அப்புறம் பழகிப் போச்சு லா.”

அந்தப் பரீட்சையில் நான் தமிழில் முதலாவதாக வந்தேன். அதையும் அவர் நினைவு வைத்திருந்தார். நான் அழவில்லை. அழுதிருந்தால் அவர் பேச்சை மாற்றியிருப்பார். அதனால் அடக்கிக்கொண்டு, கேட்கவேண்டியதைக் கேட்டேன். தாலித் தட்டை நீங்கள்தான் எடுத்துப்போக வேண்டும் என்றேன். உங்கக்கா சிரிக்கும் என்றார். சனிக்கிழமை நலுங்குக்கு எல்லோரும் வரும்போது, அந்தப் பெட்டியை ஹால் நடுவில் வைத்து, நான் செய்ததை நானே சொல்லப்போகிறேன், அத்தைக்கும் ஃபோன் போட்டுக் கேட்க வைப்பேன், அதற்குப் பிறகு யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம் என்றேன்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். சனிக்கிழமைவரை தகட்டைத் தொடாதே, மூன்றும் அப்படியே இருக்கட்டும், எல்லோரும் பார்க்கவேண்டும். பார்த்த பிறகு, என்னுடைய இரண்டையும் எடுத்துவிடு. நீ வழக்கமாகச் செய்வதுபோல், ஓரத்திலிருந்து. சித்தப்பா கரண்டியால் செய்த அந்தப் புடைப்பை மட்டும் விட்டுவிடு. அது எடுக்க வராது என்று நீயே சொன்னாய். வந்தாலும் வேண்டாம். விருந்தன்று வாசல் மேசையில் அதோடேயே பாடட்டும்.

சித்தப்பா கடைசியில் என்ன சொன்னார் என்று சொல்லவில்லையே. நான் பேசி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தத் தட்டு ரொம்ப கனமா இருக்குமா பாப்பா?”

இல்லை சித்தப்பா, ரெண்டு கையால பிடிச்சா போதும் என்று சொன்னேன்.

அம்மா